சறுக்குமரத்துக்குப் பின்னால்: சின்னக் குழந்தைகளோடு பூங்காவில் இயற்கையைப் பார்க்க ஒரு வழிகாட்டி

சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தைக்கு மண்ணும் மரமும் பூச்சியும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் தெருமுனையில் இருக்கும் மாநகராட்சிப் பூங்காதான். ஊருக்கு நடுவிலேயே கிண்டி தேசியப் பூங்கா இருக்கிறது. ஆனால் அங்கே வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் போக முடியும். தெருமுனைப் பூங்காவுக்கு வாரத்தில் நாலு நாள் போகலாம். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு அந்த நாலு நாள்தான் பெரிது. ஒரே மரத்தையும் ஒரே எறும்புப் புற்றையும் திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் இந்த வயதில் எதுவும் மனதில் தங்குகிறது.

செடி, பூச்சி, பறவை எதன் பெயரும் தெரியாத அம்மா அப்பாக்களுக்கும், மாலையில் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போகும் தாத்தா பாட்டிக்கும் இதை எழுதுகிறேன். சென்னையை மனதில் வைத்து எழுதினாலும் தமிழ்நாட்டின் மற்ற சமவெளி நகரங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பெயர் தெரியாதது ஒரு குறையே இல்லை. பிள்ளை ஓர் இடத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டால், அது எழுந்திருக்கும்வரை நீங்களும் அங்கேயே இருக்க வேண்டும். அது ஒன்றுதான் இதில் கஷ்டமான வேலை. மற்றதெல்லாம் பழகிவிடும்.

முதலில் மூலையைத் தேடுங்கள்

இப்போது புதுப்பிக்கப்படும் பூங்காக்களில் ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் கீழே ரப்பர் தரை, நடைபாதை முழுக்க பேவர் பிளாக், நடுவில் ஒட்ட வெட்டிய புல். விழுந்தால் அடிபடாது என்பதால் ரப்பர் தரை நல்லதுதான். ஆனால் அங்கே உயிர் எதுவும் இருக்காது. நீங்கள் தேட வேண்டியது தோட்டக்காரரின் துடைப்பம் அதிகம் போகாத ஓரங்களை. சுற்றுச்சுவரை ஒட்டிய பகுதி, மோட்டார் ரூமுக்குப் பின்புறம், சருகு குவித்து வைக்கும் இடம், பெரிய மரத்தின் அடி.

பிள்ளையைக் கூட்டிப்போவதற்கு முன் ஒருநாள் தனியாகப் போய்ச் சுற்றிப் பாருங்கள். வெறும் மண், வயதான ஒரு மரம், யாரும் நடாமல் முளைத்த களைச்செடிகள், கொஞ்சம் தண்ணீர். இந்த நாலில் இரண்டு இருந்தாலே போதும். தண்ணீர் என்றால் குளம் வேண்டியதில்லை. சொட்டும் குழாயடி போதும். அங்கே மைனா குடிக்க வரும், குளவி கூடு கட்ட ஈரமண் உருட்டிக்கொண்டு போகும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, தி. நகர் நடேசன் பூங்கா, அண்ணா நகர் டவர் பூங்கா மாதிரி பழைய பூங்காக்களில் பெரிய மரங்கள் இருக்கின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஊர் முழுக்க ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்படி விழுந்த ஏதாவது ஒரு மரத்தின் அடிக்கட்டை உங்கள் பூங்காவில் எஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். மட்கும் கட்டையில் காளானும் வண்டும் கரையானும் குடியிருக்கும். அதை அப்புறப்படுத்தச் சொல்லிப் புகார் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், நாய்கள் எங்கே படுக்கின்றன என்று பாருங்கள். பிள்ளை மண் தோண்டும் இடமும் நாய் படுக்கும் இடமும் ஒன்றாக இருக்கக்கூடாது.

நேரம்

காலை ஏழு மணியை ஒட்டி, இல்லாவிட்டால் மாலை நாலரைக்கு மேல். சித்திரை, வைகாசி வெயிலில் பத்து மணிக்கே ரப்பர் தரையும் இரும்புச் சறுக்கும் தோலைச் சுடும். பூச்சிகளும் நிழலுக்குள் ஒதுங்கிவிடும், பார்க்க ஒன்றும் கிடைக்காது. சில பூங்காக்களை நடுப்பகலில் பூட்டிவைப்பார்கள், வாயிலில் இருக்கும் பலகையில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்றால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அரைமணி நேரமே தாராளம். சிணுங்கல் தொடங்குவதற்கு முன் கிளம்பிவிடுங்கள்.

பையில் என்ன

குடிக்கத் தண்ணீர், கைகழுவத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், சோப்பு. பழைய ஸ்பூன் ஒன்று, மூடியில் ஓட்டை போட்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சாதாரண பூதக்கண்ணாடி ஒன்று. இரண்டு வெள்ளைத் தாள், கிரேயான். ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டு. பிள்ளைக்கு முழுக்கை, முழுக்கால் உடுப்பு, கொசு சாயங்காலத்தில் மட்டும் கடிப்பதில்லை. காலில் செருப்பு அவசியம்.

பூதக்கண்ணாடியை முதல் நாளே கையில் கொடுத்தால் அதுவே விளையாட்டுச் சாமானாகிவிடும். சில நாள் போகட்டும். செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும், அதை எப்போது எடுக்கலாம் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் நாள்

ஒன்றும் காட்டாதீர்கள். உள்ளே நுழைந்ததும் பிள்ளை சறுக்குமரத்துக்குத்தான் ஓடும், ஓடட்டும். வேகம் தீரும்வரை விளையாடிவிட்டு வரும். அதற்குள் நீங்கள் பார்த்துவைத்த மூலையில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பாருங்கள். கூப்பிட வேண்டாம். அம்மாவோ அப்பாவோ தரையில் எதையோ உற்றுப் பார்க்கிறார்கள் என்றால் பிள்ளை தானாக வந்து தோளில் சாயும். "என்னம்மா பாக்குற?" என்று கேட்கும்.

அப்போது நீங்கள் சொல்லும் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. "இது எறும்பு, ஆறு கால், பூச்சி இனம்" என்று பாடம் எடுத்தால் அத்தோடு முடிந்தது, பிள்ளை ஊஞ்சலுக்குத் திரும்பிவிடும். "இவங்க எங்க போறாங்கன்னு பாக்குறேன்" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும், நீங்களும் நிஜமாகவே பார்க்க வேண்டும். பெரியவர்கள் நடிப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எறும்பில் தொடங்குங்கள்

எறும்பு எல்லாப் பூங்காவிலும், எல்லா மாதத்திலும் இருக்கும். சர்க்கரை ஒரு சிட்டிகை, ரவை ஒரு சிட்டிகை, சோற்றுப் பருக்கை ஒன்று. மூன்றையும் ஒரு சாண் இடைவெளி விட்டு எறும்புச் சாரிக்குப் பக்கத்தில் வையுங்கள். எதை முதலில் எடுக்கும் என்று பிள்ளை சொல்லட்டும். பிறகு காத்திருங்கள். ஒரு பருக்கையை நாலு எறும்பு நாலு பக்கம் இழுப்பதை நான்கு வயதுப் பிள்ளை மூச்சுவிடாமல் பார்க்கும்.

அடுத்த முறை, சாரி போகும் பாதையின் குறுக்கே ஈரவிரலால் அழுத்தி ஒரு கோடு துடையுங்கள். வரிசையாக வந்த எறும்புகள் அந்த இடத்தில் தடுமாறி நிற்கும், திரும்பும், இப்படியும் அப்படியும் தேடும். முன்னால் போன எறும்பு விட்டுச்சென்ற வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் வருபவை நடக்கின்றன. நீங்கள் துடைத்தது அந்த வாசனையை. கொஞ்ச நேரத்தில் பாதை மறுபடி சேர்ந்துவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கலாம். மூன்று வயதுக்கு விளக்கம் வேண்டாம், தடுமாறுவதைப் பார்த்தாலே போதும்.

வேகமாக ஓடும் சின்னக் கறுப்பு எறும்பு, பிள்ளையார் எறும்பு என்போமே, அது கையில் ஏறினாலும் ஒன்றும் செய்யாது. கட்டெறும்பையும் சிவப்பெறும்பையும் தள்ளி நின்று பார்க்க வேண்டும். மாமரத்திலோ புங்கமரத்திலோ பச்சை இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகத் தொங்கினால் அது முயிறு கட்டிய கூடு. பெரிய முயிறுகள் இலைகளை இழுத்துப் பிடிக்க, வேறு சில தங்கள் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு, அந்தப் புழுக்கள் விடும் பட்டுநூலால் இலையோடு இலையைத் தைக்கின்றன. கடித்தால் நன்றாக வலிக்கும், கிளையைத் தொடாமல் கீழே நின்றே காட்டுங்கள்.

குழிநரி

எனக்குப் பிடித்த பகுதி இது. சிமெண்ட் பெஞ்சுக்கு அடியில், சறுக்குமரத்து மேடைக்குக் கீழே, சுவரோரக் கூரை நிழலில், மழை படாத பொடிமண் இருக்கும் இடத்தில் குனிந்து பாருங்கள். புனல் வடிவத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். குழிநரி என்பார்கள், சில ஊரில் குழியானை. குழியின் அடியில் மண்ணுக்குள் ஒரு புழு தாடையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருக்கும். எறும்பு சரிவில் கால் வைத்தால் மண் சரியும். எறும்பு ஏறப் பார்த்தால் கீழிருந்து மண்ணை வீசி அடித்து மறுபடி விழவைக்கும். பிடித்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் கூட்டை வெளியே எறிந்துவிடும்.

ஒரு புல் நுனியால் குழியின் ஓரத்தை மெதுவாக வருடுங்கள். எறும்பு என்று நினைத்து மண்ணை வீசும். இதைப் பார்த்த பிள்ளை அடுத்த வாரம் எல்லா பெஞ்சுக்கு அடியிலும் படுத்துத் தேடும், சட்டை அழுக்காவதைப் பொருட்படுத்தாதீர்கள். ஸ்பூனால் குழியோடு அள்ளி உள்ளங்கையில் கொஞ்சம் மண்ணோடு விட்டால் அது பின்பக்கமாகவே நடக்கும். மனிதரை ஒன்றும் செய்யாது. பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் சுற்றிச் சுற்றிப் பின்னால் நகர்ந்து புதுக் குழி தோண்ட ஆரம்பிக்கும். இந்தப் புழு ஒருநாள் மண்ணுக்குள் கூடு கட்டி, தட்டானைப் போல மெல்லிய இறக்கை முளைத்து வெளியே வரும் என்று சொல்லிப்பாருங்கள், நம்பவே மாட்டார்கள்.

எறும்பைப் பிடித்துக் குழிக்குள் போடலாமா என்று கட்டாயம் கேட்பார்கள். போட வேண்டாம், தானாக விழும்வரை காத்திருக்கலாம் என்பதுதான் என் பதில். காத்திருந்தால் பெரும்பாலும் விழுவதைப் பார்த்துவிடலாம்.

ஒரு மரம், ஒரு வருஷம்

பூங்காவில் உள்ள எல்லா மரத்தையும் காட்டாதீர்கள். பிள்ளை ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும், அதற்குத் தானே ஒரு பெயர் வைக்கட்டும். ஒவ்வொரு முறையும் போனதும் முதலில் அந்த மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. தொட்டுப் பார்ப்பது, மோந்து பார்ப்பது, பட்டையின் மேல் தாளை வைத்துப் படுக்கவைத்த கிரேயானால் தேய்த்துப் படம் எடுப்பது, அடியில் என்ன விழுந்திருக்கிறது என்று பொறுக்குவது. தேய்த்தெடுத்த தாளில் தேதி எழுதி வையுங்கள்.

எந்த மரம் என்றாலும் சரி, ஆனால் சென்னைப் பூங்காக்களில் கொஞ்சம் கூடுதலாகத் தருகிற சில உண்டு. புங்கமரம் மாசி, பங்குனியில் இலை உதிர்த்துப் பளபளக்கும் இளம்பச்சையில் தளிர்விடும். அதற்குப் பின்னால் பூத்து, தரை முழுக்க வெளிறிய ரோஜா நிறப் பூவாகக் கொட்டிக்கிடக்கும். அதன் இலையைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் மரு மாதிரிப் புடைப்புகள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு உண்ணி வகை குடியிருக்க இலையே கட்டிக்கொடுத்த அறைகள் அவை. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குப் பூதக்கண்ணாடியை முதலில் கொடுக்க நல்ல தருணம் இது.

வேம்பு பங்குனி, சித்திரையில் பூக்கும், வருஷப்பிறப்புப் பச்சடிக்கு வீட்டில் போடுகிற அதே பூ என்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும். ஆனி, ஆடியில் பழம் பழுத்துக் காக்காயும் மைனாவும் குயிலும் வந்து இறங்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் மாலை கிளம்பும் நேரத்தில் நில்லுங்கள், மதியம் விரிந்திருந்த இலைகள் மடங்கத் தொடங்கியிருக்கும். மேகம் மூடினாலும் மடங்கும். நாட்டுவாதுமை, பாதாம் மரம் என்போமே, அது இலை உதிர்க்கும் முன் சிவக்கும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று வரிசையாக அடுக்க ஒரே மரத்தடியில் இலை கிடைக்கும். பூவரசு இருந்தால் ஒரு பழுத்த இலையைச் சுருட்டி பீப்பி ஊதக் கற்றுக்கொடுங்கள், உங்களுக்குத் தெரியாவிட்டால் பூங்காவில் நடைபயிலும் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சந்தோஷமாகச் செய்துகாட்டுவார். காலையில் மஞ்சளாக இருக்கும் பூவரசம்பூ வாடும்போது சிவப்பாக மாறுவதையும் பார்க்கலாம்.

வேட்டித் துண்டு எதற்கு என்றால், தாழ்ந்த கிளைக்குக் கீழே அதை விரித்துப் பிடித்துக் கிளையை இரண்டு உலுக்கு உலுக்குங்கள். வெள்ளைத் துணியில் குட்டிச் சிலந்தி, வண்டு, இலைநிறப் புழு என்று நீங்கள் எதிர்பார்க்காத அளவு உயிர்கள் விழும். முன்னதாக முயிறோ கம்பளிப்பூச்சியோ கிளையில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பார்த்ததும் துணியை மரத்தடியிலேயே உதறிவிடுங்கள்.

களைச்செடிகளை மறக்காதீர்கள். ஊதாப்பூ பூக்கும் பட்டாசுச் செடி பூங்கா ஓரங்களில் தாராளமாக முளைத்திருக்கும். அதன் காய்ந்த பழுப்புக் காயை உள்ளங்கைத் தண்ணீரில் போட்டால் சில நொடியில் படார் என்று வெடித்து விதை தெறிக்கும். முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொள்ள வேண்டாம், அவ்வளவுதான். மழை பெய்தால் விதை பரவ அந்தச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. நாயுருவிக்கு வேறு வழி, அதன் விதைகள் பிள்ளையின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுக்கும்போது அது எப்படி ஒட்டியது என்று பூதக்கண்ணாடியில் பார்க்கலாம்.

பறவையைக் காதால் பிடியுங்கள்

சின்னப் பிள்ளைகளுக்கு பைனாகுலர் ஒத்துவராது. கிளைக்குள் உட்கார்ந்திருக்கும் பறவையை விரலால் சுட்டிக்காட்டினாலும் அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் நம் விரலைத்தான் பார்ப்பார்கள். ஆகவே தரையில் நடமாடும் பறவைகளில் தொடங்குங்கள். மைனா நடக்கும், தவிட்டுக்குருவி தத்தும். இரண்டையும் போல நடந்து காட்டச் சொல்லுங்கள். தவிட்டுக்குருவிகள் ஆறேழாகக் கூட்டமாக வந்து சருகைப் புரட்டிக்கொண்டு ஓயாமல் கத்தும், எனவே கண்ணில் படாமல் போகாது.

அப்புறம் கண்ணை மூடி உட்கார்ந்து காதால் எண்ணுவது. எத்தனை விதமான குரல் கேட்கிறதோ அத்தனை விரல் மடக்க வேண்டும். ஆட்டோ ஹாரனும் ஒரு விரல்தான், அதைத் தள்ளுபடி செய்யாதீர்கள். கோடை தொடங்கும்போது குயில் கூவ ஆரம்பிக்கும். கூவுவது கறுப்பு ஆண். பெண்குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, குரலும் வேறு. காக்காய்க் கூட்டில் முட்டையிட வருவதால் காக்காய்கள் குயிலைத் துரத்துவதைப் பார்க்கலாம். காக்காய் கூடு கட்டியிருக்கும் மரத்தடியில் மட்டும் அந்த மாதங்களில் நிற்க வேண்டாம், குஞ்சு இருந்தால் தலையில் வந்து தட்டும்.

செல்போனை எடுக்கலாம் என்று சொன்னது இங்கேதான். பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இலவசம், பூச்சிக்கும் செடிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் இருக்கிறது. படம் எடுத்துவைத்து, வீட்டுக்குப் போய்ப் பிள்ளை தூங்கிய பிறகு பெயர் தேடுங்கள். பூங்காவிலேயே தேட ஆரம்பித்தால் பிள்ளை திரையைப் பார்க்கும், மரத்தை மறந்துவிடும்.

மழை விட்ட மறுநாள்

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மறுநாள் காலையைத் தவறவே விடாதீர்கள். மண்புழுக்கள் நடைபாதையில் ஏறித் தவித்துக்கொண்டிருக்கும், இலையால் எடுத்து மண்ணில் விடுவதை ஒரு வேலையாகக் கொடுத்தால் மூன்று வயதுப் பிள்ளை கடமையாகச் செய்யும். மரவட்டை ஊரும், தொட்டால் சுருளும், தொட்ட கையைக் கழுவ வேண்டும். வெல்வெட் துணி போல் சிவந்த பட்டுப்பூச்சிகள் மண்ணில் தெரிந்தால் உங்கள் நல்ல காலம். புற்றிலிருந்து ஈசல் கிளம்பினால் இரட்டைவால் குருவியும் மைனாவும் காக்காயும் சேர்ந்து விருந்துண்ணும்.

மழைக்காலத்தையொட்டித் தட்டான்கள் பூங்காவுக்கு மேலே கூட்டமாகப் பறக்கும். தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டதையும் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்ததையும் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லலாம். செய்துகாட்ட வேண்டாம். டப்பாவில் பிடித்தாலும் சில நிமிஷம் பார்த்துவிட்டு அதே இடத்தில் விடுவது என்று முதல் நாளிலேயே வழக்கமாக்கிவிடுங்கள்.

பெரிய நத்தைகளும் மழையில்தான் வெளிவரும். உள்ளங்கை நீளத்துக்கு வளரும் ஆப்பிரிக்க நத்தையின் சளியில் நோய்தரும் புழுக்கள் இருக்கக்கூடும். அதைப் பார்க்க மட்டும்தான் வேண்டும்.

தொடக்கூடாதவை

எல்லாவற்றுக்கும் "தொடாதே" சொன்னால் உண்மையிலேயே ஆபத்தானதைச் சொல்லும்போது பிள்ளை கேட்காது. ஆகவே பட்டியல் சின்னதாக இருக்கட்டும். ஆனால் அது கறாரானது.

அரளி, மஞ்சளரளி இரண்டும் பூங்காக்களில் அழகுக்காக வைக்கப்படுபவை. இலை, பூ, விதை எல்லாமே விஷம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த குண்டுமணி பிள்ளைகளைச் சுண்டி இழுக்கும், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பூங்காவில் பொறுக்கிய எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதற்கு விதிவிலக்கே இல்லை, நாவல்பழமானாலும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவித்தான். இரண்டு வயதுப் பிள்ளை எப்படியும் வாயில் வைக்கும், அந்த வயதில் நீங்கள் கை எட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும். விஷச்செடி எதையாவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், செடியின் ஒரு துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐ அழைக்கலாம். கண்ணில் எருக்கம்பால் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

கம்பளிப்பூச்சி ரோமம் பட்டால் தேய்க்காதீர்கள். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் ரோமம் வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கல்லைப் புரட்டும்போது பெரியவர்தான் புரட்ட வேண்டும், தங்கள் பக்கமாகத் தூக்கினால் எதிர்ப்பக்கம் இடம் கிடைத்து பூரானோ தேளோ அந்த வழியாக ஓடிவிடும். பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள், அடியில் இருப்பவர்களுக்கு அது வீடு.

நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, சின்னக் கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும். இதில் யோசிக்கவே கூடாது. வீடு திரும்பியதும் கை, கால், நகம் எல்லாம் சோப்புக் குளியல்.

சீ என்று சொல்லாமல் இருப்பது

புழுவைக் கண்டதும் நமக்கு வாயில் முதலில் வருவது "சீ". பிள்ளைக்குப் பூச்சிப் பயம் பெரும்பாலும் நம் முகத்திலிருந்துதான் தொற்றுகிறது. உங்களுக்கு நிஜமாகவே அருவருப்பு இருந்தால் மறைக்க வேண்டாம், "எனக்குக் கிட்டப் போகக் கூச்சமா இருக்கு, நான் இங்கிருந்து பாக்குறேன், நீ பாத்து சொல்லு" என்று சொல்லிவிடலாம். பிள்ளை பயந்தால் கையைப் பிடித்துத் திணிக்காதீர்கள். டப்பாவுக்குள் இருக்கும் பூச்சியைப் பார்க்கட்டும், அதற்கும் பயந்தால் வேறொரு பிள்ளை பார்ப்பதைப் பார்க்கட்டும்.

எறும்பை மிதித்துக் கொல்வதும் இந்த வயதில் நடக்கும். மிரட்டல் பயன்படாது. பருக்கையைத் தூக்கிக்கொண்டு போகும் எறும்பைக் கூடவே நடந்து புற்றுவரை கொண்டுவிட்ட பிள்ளை அப்புறம் கால் வைக்கும் முன் கீழே பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

எதை எடுத்துவரலாம்

விழுந்ததை எடுக்கலாம், செடியில் இருப்பதைப் பறிக்கக்கூடாது. இந்த ஒரே விதி போதும். தினமும் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், ஒரு நாளைக்குச் சட்டைப்பை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை மரத்தடியிலேயே விட்டுவிட்டு வரலாம்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் எடுத்து வந்தால் சதையைப் பிதுக்கிக் கழுவி, தாமதிக்காமல் ஒரு தயிர்க் கப்பில் மண்ணிட்டு ஊன்றிவிடுங்கள். வேப்பங்கொட்டை அதிக நாள் முளைப்புத்திறனோடு இருக்காது. பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் பூங்காவே வீட்டுக்கு வரும். பறவை எச்சம் போன்ற கறுப்பு வெள்ளைப் புழு ஒன்று இலையைத் தின்றுகொண்டிருந்தால் மருந்து அடிக்காதீர்கள், அது பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, பிள்ளையின் கண்முன்னே வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். சில கிளைகளை அதற்கு விட்டுக்கொடுப்பதில் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

ஐந்து வயதுக்கு மேல் ஆர்வம் வளர்ந்துவிட்டால் ஒவ்வொரு பொங்கலையொட்டியும் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் தெருமுனைப் பூங்காவிலிருந்தே கலந்துகொள்ளலாம். கால்மணி நேரம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிய வேண்டும். காக்காயும் மைனாவும் கணக்கில் சேர்த்திதான்.

தோட்டக்காரரிடம் பேசுங்கள்

சில வாரம் போனதும் தோட்டக்காரரும் வாட்ச்மேனும் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள். பிள்ளையையும் வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். எந்த மரத்தில் கிளி பொந்து, எங்கே பாம்பு பார்த்தார், எப்போது மருந்து அடிப்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும். மருந்து அல்லது கொசுப்புகை அடித்த நாளிலும் மறுநாளிலும் அந்தப் பக்கம் பிள்ளையை மண்ணில் விடாதீர்கள்.

அதோடு ஒரு கோரிக்கையும் வையுங்கள், சுவரோரம் ஒரு பத்தடி மட்டும் சருகைக் கூட்டாமல், களை பறிக்காமல் விடச் சொல்லி. பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள், மேலே இருப்பவர்கள் கேட்பார்களே என்பதுதான் அவர்களுடைய தயக்கம். அதற்கு நடைபயிற்சிக்கு வரும் நாலு பேரையும் குடியிருப்போர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு பூங்காவைப் பராமரிக்கும் வட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணிலும் கோரிக்கை பதியலாம். இருக்கும் மண்தரையை பேவர் பிளாக் போட்டு மூடும் வேலை தொடங்கப்போகிறது என்று தெரிந்தால் கல் இறங்குவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். போட்ட பிறகு பெயர்க்க மாட்டார்கள்.